பெங்களூரில் எழுந்த கோப்புக் களஞ்சியம்

புறநானூறு என்று பெயர் பெற்ற நூலில் நானூறு பாட்டு இருத்தல் வேண்டும். எண்ணிப் பார்ப்பவருக்கு 267, 268 ஆகிய இரண்டு எண்களுக்கு நேரே பாட்டு இல்லை என்பது தெரியவரும். உ. வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டில் இந்நூலைப் பதிப்பித்தபோது, தேடிச் சேர்த்த ஏடுகளை ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்தார். ஓர் ஏட்டில் செல்லரித்துப் போன அடியை மற்றோர் ஏடு காட்டிக் கொடுத்தது. ஒன்றில் உதிர்ந்த சொல் வேறொன்றில் நின்றது. அந்த இரண்டு பாட்டுகளுக்கு மட்டும் எந்த ஏடும் துணைக்கு வரவில்லை. அவை யாரைப் பாடின, எதைச் சொல்லின என்பது ஓலையோடு போயிற்று.

ஓலை நெடுநாள் நில்லாது என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். ஆகவே பழைய ஏடு உதிர்வதற்கு முன்பே புதிய ஓலையில் படி எடுத்து வைத்தனர். ஒரு வீட்டில் இருந்த நூலின் படி இன்னொரு வீட்டிற்கும் ஒரு மடத்திற்கும் சென்றது. அப்படிப் பல இடங்களில் பரவிய நூல்களே பெரும்பாலும் பிழைத்தன. 1905ஆம் ஆண்டில் தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் மைசூர் அரசின் கீழ்த்திசை நூலகத்தில் கொண்டுவந்து கொடுத்த கிரந்த எழுத்து ஏட்டில் கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் இருந்தது. நூலகர் ஆர். சாமா சாஸ்திரி 1909இல் அதனை அச்சேற்றினார். பெயரளவில் மட்டும் பேசப்பட்டுவந்த ஒரு நூல், தஞ்சையில் எவரோ எடுத்து வைத்த ஒரு படியால் மைசூரில் உயிர் பெற்றது.

பெங்களூரைப் பற்றிப் பேச வந்தவர் ஏட்டுச் சுவடியில் நிற்கிறாரே என்று நேயர்கள் எண்ணக்கூடும். ஓலைக்கு நேர்ந்த அதே இடர் நம் காலத்தில் கணிப்பொறிக் கோப்புக்கும் நேர்ந்தது. அதற்கு ஒரு மாற்றைக் கண்டவர்களுள் ஒரு கூட்டத்தார் இந்தப் பெங்களூரில் அமர்ந்து வேலை செய்தனர். அவர்களுக்குத் தலைவராக இருந்தவர் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த தமிழர். அந்த வரலாற்றையே சொல்ல முற்படுகிறோம்.

அதற்கு முன் நம் சொந்தக் கதை ஒன்று உண்டு. நாம் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் மூவர் சேர்ந்து ஒன்பது ஆண்டுகளாக ஒரு கலைச்சொற்கோவையைத் தொகுத்து வந்தோம். நாள்தோறும் வரும் சுற்றறிக்கைகளிலும் அறிவிப்புகளிலும் ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எந்தத் தமிழ்ச் சொல்லை ஆண்டோம், ஏன் ஆண்டோம், எங்கே அது பொருந்தவில்லை என்பதையெல்லாம் அதில் குறித்து வைத்தோம். பணம் கொடுத்து வாங்கக்கூடிய பொருளன்று அது. ஒருநாள் காலையில் கணிப்பொறியைத் திறந்தால் வட்டு திறக்கவில்லை. டக், டக் என்று ஓர் ஒலி மட்டும் கேட்டது. படி எடுத்து வைக்கவில்லையா என்று மேலதிகாரி கேட்டார். எடுத்து வைத்திருந்தோம். அந்தப் படியும் அதே வட்டில்தான் இருந்தது.

பிறரைக் குறை சொல்ல இதில் இடமில்லை; நம் பிழையே அது. நம் மூத்த தோழர் ஒருவர் ஓய்வு பெற்றுத் திருச்சிக்குப் போகும்போது, நினைவுக்காக அச்சொற்கோவையை அச்சிட்டு எடுத்துச் சென்றிருந்தார். அச்சுப்பொறியில் மை தீர்ந்ததால் ஆங்கில அகரவரிசையில் 'ஆர்' எழுத்தோடு அது நின்றுவிட்டது. அந்தக் கட்டு அஞ்சலில் வந்தபோது நாம் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஆனால் 'எஸ்' தொடங்கிப் பின்னுள்ளவை போயின. ஆங்கில அகராதியில் எல்லா எழுத்திலும் தடித்தது 'எஸ்' என்பதை மொழிபெயர்ப்பாளர் அறிவர்.

இனி வரலாற்றுக்கு வருவோம். கணிப்பொறிகளுள் பிறருக்கு ஏவல் செய்வதற்கென்றே வைக்கப்பட்டதைச் சர்வர் என்கின்றனர். நம்மவர்க்குச் சர்வர் என்றால் காப்பி ஓட்டலில் தோளில் துண்டுடன் வருபவர் நினைவே முதலில் எழும். 1964ஆம் ஆண்டு வந்த சர்வர் சுந்தரம் படத்தை மறந்தவர் யார்? பொருளில் பெரிய வேற்றுமை இல்லை. கேட்டவர்க்குக் கேட்டதைக் கொண்டுவந்து வைப்பதே இருவர் தொழிலும். ஓட்டலில் ஒரே சர்வர் இருந்து அவரும் காய்ச்சலில் படுத்துவிட்டால் அன்று பந்தி இல்லை. கணிப்பொறி உலகம் பல காலம் அந்த நிலையில்தான் இருந்தது.

ஒரு கணிப்பொறியில் உள்ள கோப்பை வலையிணைப்பின் வழியே பல மேசைகளிலிருந்து திறக்கும் ஏற்பாட்டை அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1980களின் நடுவில் பரவச் செய்தது. பகிர்ந்து கொள்ளுதல் அதனால் கைகூடியது. காத்துக் கொள்ளுதல் கைகூடவில்லை. கோப்பு இருந்த அந்த ஒரு சர்வர் நின்றால் எல்லா மேசையும் நின்றது. 1988இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் மலிவான பல வட்டுகளை ஒருசேரக் கட்டி, ஒரு வட்டு கெட்டாலும் மற்றவை ஈடு செய்யும் முறையை ஆய்வுரையாக வெளியிட்டனர். அது பெரிய முன்னேற்றம். எனினும் எல்லா வட்டுகளும் ஒரே பெட்டிக்குள் இருந்தன. பெட்டியில் மின்னோட்டம் தாறுமாறாகப் பாய்ந்தாலோ கூரை ஒழுகினாலோ ஈடு செய்ய எவரும் இல்லை. நம் சொற்கோவையின் படியும் அதே வட்டில் இருந்ததை நேயர்கள் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

2003ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனத்தார் தம் முறையை வெளிப்படுத்தினர். அவர்கள் விலையுயர்ந்த பெரிய எந்திரங்களை நாடவில்லை. சாதாரணக் கணிப்பொறிகளை ஏராளமாக வாங்கினர். அவற்றுள் சில எப்போதும் கெட்டுக்கொண்டேதான் இருக்கும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, ஒவ்வொரு கோப்புத் துண்டையும் மூன்று எந்திரங்களில் வைத்தனர். எந்திரம் கெடக்கூடாது என்ற வேண்டுதலை விட்டு, கெட்டால் என்ன செய்வது என்ற கணக்கில் இறங்கியது இந்தத் துறையில் ஒரு திருப்பம் என்றே கருதுகிறோம். ஆனால் எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் பதிவேடு மட்டும் அங்கே ஒரு தலைமை எந்திரத்தின் பொறுப்பில் இருந்தது. அந்த மென்பொருளைக் கூகுள் பிறருக்கு வழங்கவுமில்லை.

இதே காலத்தில் அமெரிக்காவில் கலிபோர்னியா டிஜிட்டல் என்னும் நிறுவனம் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்திற்காகத் தண்டர் என்ற மீக்கணிப்பொறியை அமைத்தது. 4,096 செயலிகளை 1,024 சர்வர்களில் இணைத்து எழுப்பிய எந்திரம் அது. 2004ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளிவந்த உலகப் பட்டியலில், ஜப்பானின் எர்த் சிமுலேட்டருக்கு அடுத்தபடியாக இரண்டாம் இடம் பெற்றது. அந்நிறுவனத்தில் தொழில்நுட்பத் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் ஆனந்த் பாபு பெரியசாமி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறிப் பொறியியல் பயின்றவர். எவரும் எடுத்துப் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருள் இயக்கத்தில் அவர் முன்பே ஈடுபாடு கொண்டவர்.

ஆயிரம் சர்வர்களைச் சேர்த்துக் கணக்குப் போடச் செய்வது கைவந்துவிட்டது. ஆயிரம் சர்வர்களும் சேர்ந்து ஒரு கோப்பைக் காத்து வைப்பதற்கு அத்தகைய எளிய கருவி இல்லை. 2005இல் அவர் உள்ளிட்டோர் தொடங்கிய நிறுவனம் இந்தக் குறையைக் கையிலெடுத்தது. முதலில் அதன் பெயர் இசட் ரிசர்ச். பின்னர் கிளஸ்டர் என்று ஆயிற்று. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் ஜிஎன்யு என்ற பெயரையும், கூட்டம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லையும் சேர்த்துக் கட்டிய பெயர் அது. தலைமையகம் கலிபோர்னியாவில் சன்னிவேல் நகரில் இருந்தது. பொறியியல் கூடம் பெங்களூரில் அமைந்தது.

பெங்களூர் இதற்கு இடமானது தற்செயலன்று. 1909ஆம் ஆண்டு முதல் இந்திய அறிவியல் கழகம் இங்கே இருக்கிறது. 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் தன் ஆய்வுக்கூடத்தை இங்கு நிறுவிய பின் பல நாட்டு நிறுவனங்கள் தொடர்ந்து வந்தன. 2001 முதல் லினக்ஸ் பெங்களூர் என்ற பெயரில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர் மாநாடு நடைபெற்று வந்தது. அயல்நாட்டார் வகுத்த திட்டத்திற்கு இங்குள்ளவர் ஏவல் வேலை செய்கின்றனர் என்ற பேச்சு அந்நாளில் மிகுதி. கிளஸ்டர் கோப்பு முறைமையைப் பொறுத்தவரை அப்பேச்சு பொருந்தாது. அதன் உயிர்நிலையான பகுதிகள் பல இந்த ஊரில் வகுக்கப்பட்டு எழுதப்பட்டவை.

அவர்கள் செய்தது என்ன? அதைச் சொல்லுமுன் அவர்கள் வைத்த பெயர்களைச் சொல்லாமல் இருக்க நம்மால் முடியவில்லை. ஒவ்வொரு சர்வரிலும் களஞ்சியத்துக்கென ஒதுக்கிய இடத்தைப் 'பிரிக்', அதாவது செங்கல் என்றனர். பல செங்கற்களைச் சேர்த்து எழுப்பும் களஞ்சியத்தை 'வால்யூம்' என்றனர். செங்கற்களுக்கும் பயன்படுத்துவோருக்கும் இடையே நின்று, வரும் கட்டளையை வாங்கி, வேண்டிய உருவில் மாற்றி, அடுத்த படிநிலைக்கு அனுப்பும் மென்பொருட் கூறு ஒவ்வொன்றையும் 'டிரான்ஸ்லேட்டர்' என்றனர். மொழிபெயர்ப்பாளன்! ஜிஎன்யு இயக்கத்தின் ஹர்ட் என்னும் முறைமையிலிருந்து எடுத்தாண்ட கருத்து இது. ஒருவர் கோப்புகளைப் பல செங்கற்களில் பகிர்ந்து வைப்பார். ஒருவர் ஒரு கோப்புக்குப் பல படிகள் எடுப்பார். ஒருவர் அடிக்கடி கேட்கப்படுவதை நினைவில் வைத்துக்கொள்வார். ஒருவர் மேல் ஒருவராக அடுக்கி வேண்டியபடி களஞ்சியம் அமைத்துக்கொள்ளலாம். நம் தொழிலின் பெயரை இத்தனை மதிப்பாக வேறெங்கும் நாம் கண்டதில்லை.

பதிவேடு வைக்கும் தலைமை எந்திரத்தை அவர்கள் அடியோடு நீக்கியதே இம்முறையின் தனிச்சிறப்பு. பதிவேடு இல்லாமல் கோப்பு இருக்கும் இடத்தை எப்படி அறிவது? நம் அஞ்சல் துறை 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் பின்கோடு எண்ணைக் கொண்டுவந்தது. 560 என்று தொடங்கும் உறையைக் கண்டவர், அது பெங்களூருக்கு என்று கண்ட அளவிலேயே தெரிந்துகொள்கிறார். டில்லியைக் கேட்க வேண்டுவதில்லை. கிளஸ்டர் முறையிலும் இதை ஒத்த ஒன்று நடக்கிறது. கோப்பின் பெயரை ஒரு கணக்கில் இட்டால் ஓர் எண் கிடைக்கும். ஒவ்வொரு செங்கல்லுக்கும் இன்ன எண்ணிலிருந்து இன்ன எண் வரை என்று பங்கு பிரித்து வைக்கப்பட்டிருக்கும். எண்ணைக் கண்டதும் செங்கல் தெரிந்துவிடும். எந்த மேசையிலிருந்து கணக்கிட்டாலும் விடை ஒன்றே. கோப்பின் பெயரை மாற்றினால் எண்ணும் மாறிவிடுமே என்று கேட்கலாம். அப்போது புது எண்ணுக்குரிய செங்கல்லில், இன்ன இடத்தில் இருக்கிறது என்று ஒரு சிறு சீட்டு வைக்கப்படும். வீடு மாறிப் போனவர் அஞ்சலகத்தில் எழுதிக் கொடுக்கும் சீட்டைப் போன்றது அது.

படி எடுத்தலும் இதே நேர்மையில் நடந்தது. இரண்டு அல்லது மூன்று சர்வர்களில் ஒரு கோப்பை வைக்க வேண்டுமென்றால், எழுதும் ஒவ்வொரு வரியும் அத்தனை சர்வர்களுக்கும் ஒரே நேரத்தில் போகும். எழுதுவதற்கு முன் ஒவ்வொரு சர்வரும் கோப்பின் ஓரத்தில், மாற்றம் நடக்கிறது என்று குறி இடும். எல்லாவிடத்தும் எழுதி முடிந்தபின் அக்குறியை அழிக்கும். இடையில் ஒரு சர்வர் விழுந்துவிட்டால் மற்றதில் அக்குறி அழியாமல் நிற்கும். விழுந்தது எழுந்து வந்ததும், குறி நிற்கும் கோப்புகளை மட்டும் பார்த்து, விடுபட்டதை நிரப்பிக் கொள்ளும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் தானே குணமாதல். தொடக்கத்தில் எவரேனும் கோப்பைத் திறந்தால்தான் குணமாகும். 2012இல் வெளிவந்த 3.3ஆம் பதிப்பிலிருந்து, அதற்கென ஒரு காவல் நிரல் இடையறாது உலவிக் குணப்படுத்தத் தொடங்கிற்று.

இன்னொரு பண்பு நம் மனத்தை மிகவும் கவர்ந்தது. படி எடுக்கும் முறையில் வைத்த களஞ்சியத்தில், ஒவ்வொரு செங்கல்லிலும் கோப்பு கோப்பாகவே இருக்கும். கிளஸ்டர் மென்பொருளை நீக்கிவிட்டு அந்த வட்டை வேறொரு கணிப்பொறியில் பூட்டினாலும் கோப்பைத் திறந்து படிக்கலாம். ஏட்டுக் கட்டை அவிழ்க்கும் கயிறு அறுந்து போனாலும் ஏட்டை வாசிக்கலாம் அல்லவா, அது போன்றது. மாயப் பெட்டியாகக் கட்டிவிட்டுச் சாவியைத் தாமே வைத்துக்கொள்ளும் வாணிகர் நிறைந்த துறையில் இந்த எளிமை சிறிய செய்தியன்று.

குறையும் உண்டு. மிகச் சிறிய கோப்புகள் இலட்சக்கணக்கில் குவிந்தால் இம்முறை தளர்நடை நடக்கும். பெரிய படக் கோப்பு, ஒலிக் கோப்புகளுக்கே இது பொருத்தமானது. அலுவலகக் கடிதங்கள் போன்றவற்றுக்குப் பொறுமை வேண்டும்.

அதைவிடப் பெரிய இடர் ஒன்று உண்டு. அதனை நாம் பட்டே அறிந்தோம். சொற்கோவை போன பின்பு, கணிப்பொறி கற்ற இளைஞர் ஒருவர் நம் அலுவலகத்தில் இருந்த இரண்டு பழைய எந்திரங்களைக் கிளஸ்டர் முறையில் இணைத்துக் கொடுத்தார். ஒன்று தரைத்தளத்தில், மற்றது மாடியில். 'எஸ்' எழுத்தை மீண்டும் தொகுக்கத் தொடங்கினோம். ஒருநாள் பிற்பகல் இரண்டு தளங்களுக்கும் இடையே இருந்த இணைப்புப் பெட்டி செயலிழந்தது. எவரும் அதை அறியவில்லை. மாடி எந்திரம், கீழே உள்ளது விழுந்துவிட்டது என்று எண்ணிற்று. கீழ் எந்திரமும் மாடியைப் பற்றி அவ்வாறே எண்ணிற்று. இரண்டும் தத்தம் தளத்தாருக்கு ஒழுங்காக ஏவல் செய்துகொண்டிருந்தன. மாடியில் இருந்த தோழர் சர்வர் என்ற சொல்லுக்குச் 'சேவையகம்' என்று எழுதினார். கீழே இருந்த நாம் அதே சொல்லுக்கு 'வழங்கி' என்று எழுதினோம். மாலையில் இணைப்பு மீண்டது. சொற்கோவையைத் திறந்தால் உள்ளீடு வெளியீட்டுப் பிழை என்று ஒரே வரி வந்தது. கோப்பு திறக்க மறுத்தது.

முதலில் மனம் பதறிற்று. மறுபடியும் போயிற்றோ என்று அஞ்சினோம். போகவில்லை. இரண்டு படியும் முழுமையாக இருந்தன. ஒவ்வொன்றிலும், மற்றது பிழையானது என்னும் குறி நின்றது. இந்நிலையை ஆங்கிலத்தில் மூளை பிளவுபட்டதாகச் சொல்வர். எது உண்மைப் படி என்று எந்திரம் தானே முடிவு செய்து மற்றதை அழித்திருந்தால் ஒருவர் உழைப்பு ஓசையின்றி மறைந்திருக்கும். அப்படிச் செய்யாமல், எமக்குத் தெரியவில்லை, நீங்கள் வந்து பாருங்கள் என்று நின்றதே அதன் நேர்மை. ஏடுகளை ஒத்துப் பார்த்த பதிப்பாசிரியர்கள் இரண்டு ஏடு இரண்டு விதமாகச் சொன்னால் ஒன்றை மூலத்தில் வைத்து மற்றதைப் பாடபேதம் என்று அடிக்குறிப்பில் காட்டினர். நாமும் இரண்டு படிகளையும் அச்சிட்டு, மேசையில் அடுத்தடுத்து வைத்து, இரண்டு நாள் உட்கார்ந்து ஒத்துப் பார்த்தோம். சேவையகம் மூலத்தில் ஏறியது. வழங்கி பாடபேதம் ஆயிற்று. இன்றும் நமக்கு அதில் உடன்பாடில்லை.

இந்த இடரை நீக்க 2015இல் வந்த 3.7ஆம் பதிப்பில் நடுவர் ஒருவரை வைத்தனர். மூன்றாவதாக ஒரு சிறு எந்திரம் இருக்கும். கோப்பின் உள்ளடக்கம் அதில் இராது. பெயரும் குறிகளும் மட்டும் இருக்கும். மூவரில் இருவர் தொடர்பில் இருந்தால்தான் எழுத அனுமதி. தனித்து விடப்பட்ட எந்திரம், தன்னை நம்பி எழுத வேண்டாம் என்று மறுத்துவிடும். அலமாரியில் தூசி படிந்து கிடந்த ஒரு பழைய கணிப்பொறியை நடுவராக மாடியில் அமர்த்தினோம். அதன்பின் இணைப்பு அறுந்த நாள்களில் தரைத்தளத்தார் எழுத முடியாமல் முணுமுணுத்தது உண்டு. சொற்கோவை பிளவுபட்டது இல்லை.

பல படி இருக்கிறது என்பதாலேயே எல்லாத் தீங்கும் நீங்கிவிடாது என்பதையும் நேயர்களுக்குச் சொல்லியாக வேண்டும். கை தவறி ஒரு கோப்பை அழித்தால் அந்த அழிவும் அத்தனை சர்வர்களிலும் உடனே நிறைவேறும். எந்திரம் கெடுவதற்கு இது காப்பு. மனிதன் கெடுப்பதற்கு அன்று. பழைய நாளின் நிலையைத் தனியே எடுத்து வைக்கும் வழக்கத்தை இதனால் விட்டுவிடலாகாது.

எல்லாச் சர்வர்களும் ஒரே கட்டிடத்தில் இருந்தாலும் அதே அச்சமே. யாழ்ப்பாணம் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது 97,000 அளவிலான நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் ஒரே இரவில் சாம்பலாயின. அச்சு நூல்களுக்கு வேறிடத்தில் படி இருந்தது. படி எடுக்கப்படாத சுவடிகளுக்கு இல்லை. பெங்களூரிலும் 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் பெய்த மழையில் வெளிவட்டச் சாலையை ஒட்டிய கணிப்பொறி நிறுவனங்களுக்குள் வெள்ளம் புகுந்ததைப் பார்த்தோம். வேறொரு நகரத்தில் உள்ள களஞ்சியத்திற்குச் சற்றுக் காலம் தாழ்த்திப் படி அனுப்பும் வசதியைக் கிளஸ்டர் நிறுவனத்தார் 2011இல் சேர்த்தனர்.

அந்த ஆண்டிலேயே நிறுவனத்தின் வரலாறும் திரும்பிற்று. 2011 அக்டோபரில் அமெரிக்காவின் ரெட் ஹேட் நிறுவனம் கிளஸ்டரை 13 கோடியே 60 இலட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. பெங்களூர்ப் பொறியாளர் குழு புதிய உடைமையாளரின் கீழ் வேலையைத் தொடர்ந்தது. 2014இல் அதே ரெட் ஹேட், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில் சேஜ் வெயில் என்ற மாணவர் தொடங்கிய செஃப் என்னும் மற்றொரு களஞ்சிய முறையையும், அதை நடத்திவந்த நிறுவனத்தோடு 17 கோடியே 50 இலட்சம் டாலருக்கு வாங்கியது. ஒரு வீட்டில் இரண்டு களஞ்சியம். நாளடைவில் மூத்ததற்குக் கவனம் குறைந்தது. 2019இல் ரெட் ஹேட்டையே ஐபிஎம் வாங்கியது. கிளஸ்டரை அடிப்படையாகக் கொண்ட தன் விற்பனைப் பொருளுக்கு அளித்துவந்த ஆதரவை ரெட் ஹேட் 2024 டிசம்பரோடு முடித்துக்கொண்டது. பெரியசாமி இதற்கு நெடுநாள் முன்பே வெளியேறி, 2014இல் வேறு சிலரோடு சேர்ந்து மினியோ என்னும் புதிய களஞ்சிய நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார்.

ஓர் எந்திரத்தையும் தனியே நம்பலாகாது என்று கட்டிய மென்பொருள், தன் வளர்ப்புக்குப் பெரும்பாலும் ஒரே நிறுவனத்தை நம்பியிருந்தது. இதைச் சொல்லும்போது நமக்குச் சற்று வருத்தம் உண்டு. வாங்கிய நிறுவனத்தை நாம் குறை கூறவில்லை. வாணிகம் தன் கணக்கைப் பார்க்கும். ஆயினும் மூல நிரல் எவரும் எடுத்துக்கொள்ளும் உரிமத்தோடு முதல் நாளிலேயே வெளியிடப்பட்டிருந்ததால் அது எவர் பெட்டகத்திலும் அடைபடவில்லை. அதன் படிகள் உலகெங்கும் எண்ணற்ற கணிப்பொறிகளில் கிடக்கின்றன. எடுத்துத் திருத்த ஆள் வேண்டும், அவ்வளவே. ஏடு இருந்தும் படிப்பார் இல்லாத நிலை நம் மொழி கண்டறியாததன்று.

நம் சொற்கோவையின் 'எஸ்' எழுத்து இப்போது நிறைவுற்றது. 'இசட்' வரை போக இன்னும் காலம் பிடிக்கும். இரண்டு சர்வரும் ஒரு நடுவருமாக அது இங்கே இருக்கிறது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஒரு படியைத் திருச்சியில் இருக்கும் நம் மூத்த தோழருக்கு அஞ்சலில் அனுப்புகிறோம். கண் பார்வை மங்கிவிட்டதால் அவர் அதனைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தைத்து வைத்துக்கொள்கிறார். சென்ற முறை அவரிடமிருந்து ஒரு அஞ்சலட்டை வந்தது. சேவையகமும் வேண்டாம், வழங்கியும் வேண்டாம், சர்வர் என்றே எழுதுங்கள் என்று அதில் இருந்தது.